வாத்தியாருக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார்

ஹோஷங்காபாத் என்றதும் என்னைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது காகிதம். ரூபாய் நோட்டு அச்சடிப்பதற்கான காகிதம் செய்யும் செக்யூரிட்டி பேப்பர் மில் அங்கே இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் பரிச்சயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம்மில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போயிருப்போம். சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி போகும்போது இடார்சி வரும் இல்லையா? அங்கிருந்து வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் நர்மதைப் பாலம் வரும், பெரியவர்கள் சில்லறை எடுத்து ஆற்றில் போடுவார்கள். அந்தப் பாலத்துக்குத் தென்கரையில் உள்ள ஊர்தான் இது. 2022-ல் பெயரை நர்மதாபுரம் என்று மாற்றிவிட்டார்கள். நான் சொல்லப்போகும் கதை பழைய பெயரில் நடந்தது என்பதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

வேலை நிமித்தமாக அந்த மாவட்டத்தில் மூன்று வருஷம் இருந்தேன். அப்போது காதில் விழுந்ததும், பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்து இந்தப் பதிவு. இது வாத்தியார்களைப் பற்றியது. குறிப்பாக, வரலாறும் குடிமையியலும் நடத்துகிற வாத்தியார்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றியது.

வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளில் ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கும். "பையனோட ஹிஸ்டரி புக்கில் முகலாயர் அத்தனை பக்கம், சோழர் ஒரு பக்கம்தான் சார்." நியாயமான புலம்பல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை பக்கம் என்று எண்ணும் நாம், அந்தப் பக்கங்களை வகுப்பில் யார், எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்பதே இல்லை. சோழருக்கு முப்பது பக்கம் கொடுத்து, அதையும் "அடிக்கோடு போடு, நாளைக்கு ஒப்பி" என்று நடத்தினால் பிள்ளைக்கு என்ன கிடைத்துவிடும்?

குடிமையியல் இன்னும் மோசம். நான் படித்த காலத்தில் வரலாறு, புவியியல் இரண்டும் முடிந்தபிறகு கடைசியில் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பாடம் அது. "குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை?" ஐந்து பாயின்ட், ஐந்து மார்க். பஞ்சாயத்து ராஜ் என்றால் மூன்று அடுக்கு, ஒரு படம். நம் ஊர்ப் பஞ்சாயத்து தலைவர் யார், கிராம சபை எங்கே கூடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று தடை இல்லை. கேட்டால் அதற்குப் பிறகு வரும் பேச்சை எப்படிச் சமாளிப்பது என்று வாத்தியாருக்குத் தெரியாது. அதை அவருக்கு எந்த ட்ரெயினிங்கிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தக் குறையைப் பெரியவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1964-66ல் உட்கார்ந்த கோத்தாரி கமிஷன், ஒரு உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள சின்னப் பள்ளிகளையும் ஒரு குடும்பமாகச் சேர்க்கலாம், அனுபவமுள்ளவர்கள் மற்றவர்களுக்குக் கைகொடுக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னது. பள்ளி வளாகம் என்று அதற்குப் பெயர். காகிதத்தில் நல்ல யோசனை. பெரும்பாலான இடங்களில் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

ஹோஷங்காபாத்தில் அது வேறு வழியாக வந்தது. ஆரம்பித்து வைத்தது அறிவியல் பாடம்.

1972-ல் கிஷோர் பாரதி, ரசூலியா ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள், மாநில அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தன. எல்லாம் கிராமத்து அரசுப் பள்ளிகள். டெல்லிப் பல்கலைக்கழகம், டாட்டா ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்து உதவினார்கள். 1978-ல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. இதை மேலே கொண்டுபோக 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. (குரு இல்லாமல் படித்தவன் பெயரை, வாத்தியார்களைத் தனியே விடக்கூடாது என்று நினைத்த அமைப்புக்கு வைத்திருக்கிறார்கள்! எனக்கு இது எப்போதும் வேடிக்கையாகத்தான் படும்.)

திட்டம் பெரிதானபோது ஒரு சிக்கல் வந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகள், விஞ்ஞானிகளோ சில பேர். டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் எத்தனை முறை வந்து போவார்கள்? அப்போதுதான் உள்ளூர் வாத்தியார்களே மற்ற வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்தியில் 'ஸ்ரோத் சிக்ஷக்' என்று பெயர். ஊற்று என்று அர்த்தம் வரும் 'ஸ்ரோத்' என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் பயிற்சி முகாம். அதைவிட முக்கியம், மாதம் ஒருமுறை சுற்றுவட்டாரப் பள்ளிகளின் வாத்தியார்கள் ஒரு மையத்தில் கூடுவது. 'மாசிக் கோஷ்டி' என்பார்கள். போன மாதம் எந்தப் பாடம் நடந்தது, எந்தச் சோதனை சொதப்பியது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், அடுத்த மாதம் என்ன என்று பேசுவார்கள்.

மூன்றாவதாக 'அனுவர்த்தன்' என்று ஒன்று. ஒரு வாத்தியார் இன்னொரு பள்ளிக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் அந்த வாத்தியாரோடு பேசுவது. இது இன்ஸ்பெக்ஷன் இல்லை. போகிறவருக்கு எதிரில் இருப்பவரை மாற்றல் செய்யவோ மெமோ கொடுக்கவோ அதிகாரம் கிடையாது. அவரும் வாத்தியார், இவரும் வாத்தியார்.

இந்த அஸ்திவாரம் இருந்ததால்தான் சமூக அறிவியலைத் தொடும் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். ஏகலவ்யாவினர் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் புதிதாக வரலாறு, புவியியல், குடிமையியல் புத்தகங்கள் எழுதி, 1986-லிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சில அரசு நடுநிலைப் பள்ளிகளில் நடத்திப் பார்த்தார்கள். அறிவியல் திட்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன முயற்சி. ஆனால் ஆழமான முயற்சி.

அந்தப் புத்தகங்களில் பாடம் விதியிலிருந்து ஆரம்பிக்காது, ஒரு ஊர், ஒரு குடும்பம், ஒரு வழக்கு என்று ஆரம்பிக்கும். பத்திகளுக்கு நடுவிலேயே கேள்விகள் வரும். எட்டாம் வகுப்பு பொதுத்தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். காப்பி அடிக்க அதில் விடை இருக்காது, யோசித்துத்தான் எழுதவேண்டும். பாடங்களை முதலில் எழுதி, வகுப்பில் நடத்தி, பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, வாத்தியார்களோடு பேசித் திருத்தி, மறுபடி அச்சடித்தார்கள். ஆதிமனிதன் பாடத்துக்கு அந்த ஊரில் ஒரு வசதி உண்டு. ஊரை ஒட்டியே ஆதம்கட் என்ற குன்றும் அதன் பாறைகளில் பழைய ஓவியங்களும் இருக்கின்றன. புத்தகத்தில் படிப்பதை நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.

நல்ல புத்தகம் வந்துவிட்டால் போதுமா? போதாது என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் கிளையில் பென்ஷன் வாங்குபவர். நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வருவார். கூட்டம் குறையும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தில் வாத்தியாரை 'மாட்சாப்' என்பார்கள், மாஸ்டர் சாஹபின் சுருக்கம். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பெயரும் பள்ளியும் இங்கே வேண்டாம்.

1990களின் நடுப்பகுதி. 73-வது சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து, 1994-ல் மத்தியப் பிரதேசத்தில் புதிய முறைப்படி பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. மாட்சாப் வகுப்பில் பஞ்சாயத்துப் பாடம் நடத்துகிறார். ஒரு பையன் எழுந்து, "நம்ம ஊர் சர்பஞ்ச் அம்மா கையெழுத்து மட்டும்தானே போடறாங்க? மீதியெல்லாம் அவங்க வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டுவிட்டான். அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவனும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன செய்தீர்கள் மாட்சாப்?"

"என்ன செய்வேன் மேனேஜர் சாஹப்? மணி அடிக்காதா என்று பார்த்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் தனி ஆள். ஆமாம் என்றால் சர்பஞ்ச் வீட்டுப் பகை, இல்லை என்றால் வகுப்பு முழுக்கத் தெரிந்த உண்மைக்கு எதிராகப் பொய். மாற்றல் பயம் வேறு.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு மூத்த ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லையாம். "நீங்கள் என்ன சொன்னீர்கள்? பையன்கள் முகம் எப்படி இருந்தது? அந்த இன்னொரு பையன் என்ன செய்தான்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பிறகு ஒரு வழி சொன்னார். கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் சர்பஞ்சின் வேலை என்று சட்டம் சொல்வது என்ன, மறுபக்கம் ஊரில் இந்த வருஷம் நடந்த வேலைகள் என்ன. கைப்பம்பு, பாதை, ரேஷன் பட்டியல், எல்லாவற்றையும் பிள்ளைகளே சொல்லட்டும். ஆள் பெயர் வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். கடைசியில், ஒரு பெண் இந்த வேலையைச் செய்ய என்னென்ன தடை வரும் என்று பெண்பிள்ளைகளைக் கேளுங்கள்.

மாட்சாப் அப்படியே செய்தார். பெண்பிள்ளைகள் அன்றுதான் வாயைத் திறந்தார்கள் என்றார். கூட்டம் நடப்பது ஆம்பளைகள் உட்காரும் திண்ணையில், அங்கே அம்மா போகமாட்டாள் என்று ஒரு பெண் சொன்னதாம். சர்பஞ்ச் வீட்டுப் பையனும், "எங்க பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெரியப்பா படிச்சுக் காட்டுவார்" என்று தானாகவே சொன்னானாம். யாருக்கும் அவமானம் இல்லாமல் உண்மை வகுப்புக்குள் வந்துவிட்டது.

இதை எந்தப் புத்தகத்தில் அச்சடிக்க முடியும்? எந்த சர்க்குலரில் அனுப்ப முடியும்? இதே இடத்தில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஒருவர்தான் இதைச் சொல்லித்தர முடியும்.

நான் பி.காம். படித்தவன், கல்வியாளன் இல்லை. எனக்கு இது என் தொழில் வழியாகத்தான் புரிந்தது. நான் வங்கியில் சேர்ந்தது 2005-ல். அதற்குச் சில வருஷம் முன்பு, 2000-01ல், பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போயிருந்தார்கள். புது ஆள் எடுப்பதும் வருஷக்கணக்கில் குறைந்திருந்தது. கிளைகளில் நடுத்தலைமுறையே இல்லை. மஹாராஷ்டிராவில் என் முதல் கிளையில் எஞ்சியிருந்த ஒரு பழைய கிளார்க் எனக்கு விவசாயக் கடன் சொல்லிக்கொடுத்தார். அங்கே நில ஆவணத்தை 'சாத்-பாரா' என்பார்கள். நான் பெயரையும் சர்வே எண்ணையும் சரிபார்ப்பேன். அவர் பயிர்க் கட்டத்தைக் காட்டி, "மூணு வருஷமா தரிசுன்னு எழுதியிருக்கு. ஏன்னு கேளு, அப்புறம் கடனைப் பத்திப் பேசு" என்பார். மேனுவலில் தேடினால் இந்தப் பாடம் கிடைக்காது. ஆடிட்டர் வந்தால் தப்பைக் கண்டுபிடிப்பார், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார். அவர் வேலை அது இல்லை.

மத்தியப் பிரதேசப் பள்ளிகளிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. 1990களில் நிரந்தர ஆசிரியர் நியமனத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் பஞ்சாயத்துகள் மூலம் 'சிக்ஷா கர்மி' என்று ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். பள்ளி இல்லாத ஊர்களுக்கு வாத்தியார் கிடைத்தார்கள், அதை மறுக்கக்கூடாது. ஆனால் பழையவர்கள் ஓய்வுபெற, புதியவர்கள் நிலையில்லாத வேலையில் இருக்க, யார் யாருக்குக் கைகொடுப்பது?

பிறகு 2002. அறிவியல் திட்டம் அப்போது ஆயிரத்துக்குக் குறையாத பள்ளிகளில் இருந்தது. அந்த வருஷம் மாநில அரசு அதை நிறுத்தி, வழக்கமான பாடப்புத்தகங்களுக்கே திரும்பச் சொன்னது. சமூக அறிவியல் முயற்சியும் அதோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சாதாரணப் புத்தகத்தோடு திணறுகிறார்கள், மார்க் குறைகிறது என்ற புகார்கள் இருந்தன. பெற்றோருக்கு அந்தக் கவலை இருப்பது இயற்கை, நம் வீட்டிலும் இருக்கும்தானே? நாடு முழுவதிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்த்து எழுதினார்கள். பலன் இல்லை. முப்பது வருஷ வேலை முடிந்துபோனது.

இதில் ஒரு முரண் பாருங்கள். அதே 2002-ல் மத்தியப் பிரதேசத்தில் ஜன் சிக்ஷா சட்டம் என்று ஒன்று வந்தது. பள்ளிக் கூட்டங்களுக்கு மையம், ஒவ்வொரு மையத்திலும் மற்ற ஆசிரியர்களுக்கு உதவ 'ஜன் சிக்ஷக்' என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள். ஒரு கையால் நிறுத்தியதை மறு கையால் சட்டமாக எழுதிவைத்தார்கள். நான் பார்த்த ஜன் சிக்ஷக்குகள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் நாள் முழுக்கப் புள்ளிவிவரப் படிவம் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். சீருடை எத்தனை, சைக்கிள் எத்தனை, வங்கிக் கணக்கு எத்தனை. கணக்கு விஷயமாக என் கிளைக்கும் வருவார்கள், அதனால்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

அந்த மனிதர்களின் அனுபவம் வீணாகவில்லை. 2005 தேசியக் கலைத்திட்டம் வந்தபோது, 'சிவிக்ஸ்' என்ற பெயரே ஆங்கிலேயர் காலத்தது, விசுவாசமான பிரஜையை உண்டாக்க வந்தது என்ற விமர்சனம் எழுந்தது. ஆறு முதல் எட்டுவரை என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'சமூக, அரசியல் வாழ்க்கை' என்று புதிய புத்தகங்கள் கொண்டுவந்தது. ஏகலவ்யாவிலிருந்து அஞ்சலி நொரோன்ஹா, அர்விந்த் சர்தானா போன்றவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். வரலாற்றுப் புத்தகக் குழுவில் சி.என். சுப்ரமணியம் இருந்தார். பின்னர் ஆந்திரப் பாடப்புத்தகங்களுக்கும் அவர்கள் உழைத்தார்கள்.

உங்கள் பிள்ளைகள் 2006-க்குப் பிறகு சி.பி.எஸ்.இ.யில் படித்திருந்தால் அந்தப் புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆறாம் வகுப்பில் கடலோரத் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்று வரும். கல்பட்டு என்று பெயர், துளசி என்ற கூலிப் பெண்ணின் கதை. ஏழாம் வகுப்பில் ஒரு சட்டை எப்படிச் செய்யப்படுகிறது என்ற பாடத்தில் நம் ஈரோடு ஜவுளிச் சந்தை வரும். பருத்தி விவசாயி, வியாபாரி, நெசவாளி, ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டுக் கடை என்று யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பிள்ளைகளே கணக்குப் போடவேண்டும்.

என் மகள் 2019-ல் அந்தப் பாடம் படித்தாள். அவள் பள்ளியில் அது எப்படி நடந்தது தெரியுமா? விடைகளைப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக்கொடுத்தார்கள். ஒன்றாவது கேள்விக்கு இந்த இரண்டு வரி, இரண்டாவதுக்கு இந்த மூன்று வரி. வகுப்பில் தமிழ்க் குழந்தை ஒன்று இருக்கிறதே, ஈரோடு பற்றி ஏதாவது தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த டீச்சரை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், வாரத்துக்கு முப்பது பீரியட், டிசம்பருக்குள் போர்ஷன் முடிக்கவேண்டும். பக்கத்தில் யாரும் இல்லை. ஹோஷங்காபாத்தின் புத்தகம் ஒருவகையில் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அங்கே மாதம் ஒருமுறை கூடிய கூட்டம் கூடவே போகவில்லை.

அந்தப் புத்தகங்களுக்கும் ஆயுள் முடிந்துவிட்டது. 2024-ல் ஆறாம் வகுப்புக்கும் 2025-ல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் புதிய சமூக அறிவியல் புத்தகங்கள் வந்துவிட்டன. எது இருக்கிறது, எதை எடுத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை நடக்கிறது. நடக்கட்டும், அவசியமான சண்டைதான். ஆனால் புத்தகம் பதினைந்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை மாறும். அதை நடத்துகிறவர் தனியாகவே இருந்தால் எந்தப் புத்தகமும் கடைசியில் அடைப்புக்குறிக்குள்தான் போய் நிற்கும்.

2020 கல்விக் கொள்கையில் பள்ளி வளாகம் என்ற கோத்தாரி காலத்து யோசனை மறுபடி வந்திருக்கிறது. ஆசிரியர்கள் வருஷத்துக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மூத்தவர்கள் வழிகாட்ட தேசிய மிஷன் ஒன்றையும் அறிவித்து, 2022-ல் சில மத்தியப் பள்ளிகளில் முன்னோட்டம் பார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்த 50 மணி நேரத்தை ஆன்லைனில் வீடியோ ஓடவிட்டுக் கழித்துவிடலாம் என்பது வங்கிக்காரனான எனக்கு நன்றாகத் தெரியும் :-) எங்களுக்கும் இ-லேர்னிங் உண்டு.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பேச டைம்டேபிளில் நேரம் இருக்கிறதா? ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்ப்பாரா?" முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள். நான் கேட்டபோதும் பார்த்தார்கள். ஆனால் ஒரு சீனியர் டீச்சர் வெளியே வந்து, "அப்படி ஒரு பீரியட் கேட்டு ரெண்டு வருஷமா எழுதிக்கொடுக்கிறேன் சார், பேரன்ட்ஸ் கேட்டால் ஒருவேளை நடக்கும்" என்றார்.

உங்கள் ஊரில், உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது எப்படி என்று எழுதுங்கள். குறிப்பாக நம் வாசகர்களில் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கைகொடுத்த மூத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மற்றவை அடுத்த பதிவில்.